‘முடியாது’ என்றவருக்கு என்ன நேர்ந்தது?

புத்தொழில் நிறுவனமொன்றில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று கேட்கும் இளைஞருக்கு எல்லோரும் ஒரே மறுமொழியைத்தான் தருகிறார்கள்: “சம்பளத்தை மட்டும் பார்க்காதே, அங்கே கல்ச்சர் எப்படி என்று பார்.” கேட்பதற்கு நல்ல அறிவுரைதான். எப்படிப் பார்ப்பது என்று அடுத்துக் கேட்டால் வருகிற விடைகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. அலுவலகத்துக்குப் போய்ச் சூழலை உணர்ந்து பார். ஊழியர்கள் சிரித்த முகத்தோடு இருக்கிறார்களா என்று கவனி. நிறுவனர் தன்னைப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்றாரா என்று பார். உள்ளுணர்வு சொல்வதைக் கேள்.

இந்த அறிவுரை பிழையானது; அதிலும் வேலை தருபவருக்கு மட்டுமே ஆதாயம் தரும் பிழை. முக்கால் மணி நேர நேர்காணலில் உணரக் கிடைப்பது விருந்தோம்பல். பெண் பார்க்க வருகிற நாளில் எந்த வீட்டிலும் சண்டை நடப்பதில்லை. சாய்ந்து உட்கார மெத்தைப் பைகளும், மேசைப் பந்தாட்டமும், இலவசச் சிற்றுண்டியும், சுவரில் எழுதிய விழுமியங்களும் நிறுவனம் காட்ட விரும்புபவை. காட்ட விரும்பாததைக் காண்பதற்கு உள்ளுணர்வு போதாது.

பணிப்பண்பாட்டுக்கு நான் கொள்ளும் அளவுகோல் ஒன்றே. அந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொன்னவருக்கு என்ன நேர்ந்தது? ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றவருக்கு, கடன் வாங்கியாவது இந்தப் பாடத்திட்டத்தை வாங்குங்கள் என்று ஓர் ஏழைத் தகப்பனிடம் பேச முடியாது என்ற விற்பனைப் பிரதிநிதிக்கு, மேலாளரின் நடத்தையைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்ற பெண்ணுக்கு, பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்திட முடியாது என்றவருக்கு என்ன நடந்தது? ‘ஆம்’ என்பவர்களை எல்லா நிறுவனங்களும் அன்பாகத்தான் நடத்துகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு தொடங்குவது முதல் மறுப்பில்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, புத்தொழில் உலகம் பண்பாடு என்ற பெயரில் விற்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதற்சொல் ‘குடும்பம்’. எங்கள் நிறுவனம் ஒரு குடும்பம் என்ற வாக்கியத்தைக் கேட்டவுடன், இந்தியக் குடும்பம் இயங்கும் விதத்தை அறிந்த எவரும் எச்சரிக்கை அடைய வேண்டும். குடும்பத்தில் அடுப்படி உழைப்புக்குக் கூலி இல்லை. வேலை நேரம் என்று ஒன்று இல்லை. மருமகளுக்கும் கடைக்குட்டிக்கும் பேச்சுரிமை இல்லை. மூத்தவர் யாரிடமும் கணக்குக் காட்டுவதில்லை. விலகிப் போகிறவர் துரோகி. இத்தனைக்கும் ஈடாகக் குடும்பம் ஒன்றைத் தருகிறது: வருமானம் குறைந்துவிட்டது என்பதற்காக எந்தத் தகப்பனும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை மின்னஞ்சல் அனுப்பி வெளியேற்றுவதில்லை. குடும்பத்தின் கடமைகள் அனைத்தையும் ஊழியரிடம் கேட்கும் நிறுவனம், குடும்பம் தரும் இந்த ஒற்றைப் பாதுகாப்பை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிடுகிறது.

இரண்டாவது சொல் ‘வேட்கை’. 2022 ஆகஸ்டில் பம்பாய் ஷேவிங் கம்பெனியின் நிறுவனர் ஷாந்தனு தேஷ்பாண்டே, 22 வயதில் வேலைக்கு வருபவர்கள் முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கு நாளொன்றுக்குப் 18 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று எழுதினார். கடும் எதிர்ப்புக்குப் பிறகு, முழுமூச்சாக உழைப்பதைக் குறிக்கவே அந்த எண்ணைச் சொன்னேன் என்று விளக்கமும் தந்தார். எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொண்டால், வாரத்துக்கு ஆறு நாள் என்ற கணக்கில் அது 108 மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே நம் தொழிலாளர் சட்டங்கள் வகுத்த எல்லை. எல்லையின் இருமடங்கைத் தாண்டிய ஓர் எண்ணை வெளிப்படையாக எழுத ஒரு நிறுவனருக்குக் கூச்சம் ஏற்படவில்லை என்பதும், அதைப் பாராட்டிக் கைதட்டியவர்களும் இருந்தார்கள் என்பதும்தான் இங்கே கவனிக்க வேண்டியவை.

2024 நவம்பரில் ஜொமாட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் தன் அலுவலகத்துக்கு ஒரு தலைமை உதவியாளர் தேவை என்று அறிவித்தார். முதலாண்டு சம்பளம் கிடையாது. சேருபவர் 20 லட்சம் ரூபாயை ஃபீடிங் இந்தியா என்ற தொண்டு அமைப்புக்குத் தர வேண்டும். ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. பிறகு அவர், பணம் வாங்கும் எண்ணமே இல்லை, அது ஒரு வடிகட்டி மட்டும்தான் என்றார். வடிகட்டி என்பதை நான் நம்புகிறேன். எதை வடித்து எதைத் தங்கவைக்கும் வடிகட்டி அது? ஓராண்டு சம்பளமின்றிச் சாப்பிடவும் வாடகை கட்டவும் தந்தையின் பணம் உள்ளவர் தங்குவார். கல்விக்கடனின் முதல் தவணை காத்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி வடிந்துபோவார். வேட்கையை அளப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்த அறிவிப்பு உண்மையில் அளந்தது பிறப்பின் வசதியை.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. நொய்டாவைச் சேர்ந்த யெஸ்மேடம் என்ற நிறுவனம், மன அழுத்தம் பற்றி ஊழியர்களிடம் கருத்துக்கேட்பு நடத்திவிட்டு, அழுத்தம் மிகுதி என்று பதிலளித்தவர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகக் கூறும் மின்னஞ்சல் ஒன்று நாடெங்கும் பரவியது. சில நாளில் நிறுவனம், எவரையும் நீக்கவில்லை, பணியிட அழுத்தத்தின்பால் கவனம் ஈர்க்கவே அப்படிச் செய்தோம் என்று அறிவித்தது. ஊழியரின் துயரத்தை விளம்பரப் பொருளாக்கியது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மின்னஞ்சலைப் பார்த்த நாடு ஏன் உடனே நம்பியது? கருத்துக்கேட்பில் உண்மையைச் சொன்னவருக்கு அப்படித்தான் நடக்கும் என்பது வேலை பார்த்த அனைவருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

மூன்றாவது சொல் ‘படிநிலை இல்லை’. இங்கே யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை என்பார்கள். அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தைச் சேர்ந்த ஜோ ஃபிரீமேன் 1970களின் தொடக்கத்தில், அமைப்பின்மையின் கொடுங்கோன்மை பற்றி எழுதிய கட்டுரை இன்றைய புத்தொழில் அலுவலகங்களுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. விதிகள் எழுதப்படாத குழுவில் அதிகாரம் ஒழிந்துவிடுவதில்லை. நட்பு வட்டங்களுக்குள் ஒளிந்துகொள்கிறது என்பது அவர் வாதம். விடுப்பை அனுமதிப்பவர் யார், ஊதிய உயர்வைத் தீர்மானிப்பவர் யார், முடிவு தவறென்றால் யாரிடம் முறையிடுவது? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை இல்லாத இடத்தில், நிறுவனரோடு இரவு பதினொரு மணிக்குத் தேநீர் குடிக்கப் போகிறவர்களே மேலதிகாரிகள். ஏழு மணிக்கு விடுதிக் கதவு மூடுவதற்குள் ஓட வேண்டிய பெண்ணுக்கு அந்தத் தேநீர்க்கடையில் இடமில்லை.

நான்காவது சொல்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது: ‘பொருத்தம்’. தகுதி இருக்கிறது, ஆனால் எங்கள் கலாச்சாரத்துக்குப் பொருந்துவாரா என்று ஐயமாக இருக்கிறது என்பார்கள். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதி நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துச் செய்த ஆய்வு 2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வெளிவந்தது. திறமை ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யை இன்றியமையாத தகவலாகக் கருதியதை அந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டு, அதே இதழில் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் எழுதியது இன்னும் நேரடியானது. ஒரே தகுதிகளோடு, பெயர்கள் மட்டும் வேறாக அனுப்பப்பட்ட விண்ணப்பங்களில், தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் வந்த அழைப்புகள் உயர்சாதி இந்துப் பெயர்களுக்கு வந்தவற்றைவிடக் குறைவு. அந்த ஆய்வுகள் பெரிய தனியார் துறையைப் பற்றியவை. அங்கே பெயரளவுக்கேனும் தேர்வுமுறை என்று ஒன்று இருந்தது. முதல் பத்துப் பேரை விடுதி அறைத் தோழர்களிலிருந்தும், அடுத்த முப்பது பேரை அந்தப் பத்துப் பேரின் பரிந்துரையிலிருந்தும் எடுக்கும் நிறுவனத்தில் ‘பொருத்தம்’ என்ன வேலை செய்யும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘எங்களைப் போன்றவர்’ என்பதற்கு நாகரிகமான மறுபெயர் அது.

ஆக, இந்த நான்கு சொற்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. எழுதித் தர வேண்டிய ஒன்றை எழுதாமல் விடுவதற்கு இவை உதவுகின்றன. குடும்பம் என்றால் ஒப்பந்தம் தேவையில்லை. வேட்கை என்றால் வேலை நேரம் தேவையில்லை. படிநிலை இல்லையென்றால் முறையீட்டு அமைப்பு தேவையில்லை. பொருத்தம் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. வேலைக்குச் சேரும் விஷயத்தில் ஏட்டில் இல்லாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாது.

எனவே ஏட்டைப் பார்க்க வேண்டும். அதற்கான வழிகள் நாம் நினைப்பதைவிட எளியவை; நூறு ரூபாயும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

முதலாவது, வருங்கால வைப்பு நிதி. பணியாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பொதுப்பக்கம் ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இட்டால், எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் எத்தனை பேருக்காக எவ்வளவு பணம் செலுத்தப்பட்டது என்று பார்க்கலாம். ஒவ்வொரு மாதத் தொகையையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். மாதக்கணக்கில் தாமதிக்கும் நிறுவனம், ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்த பணத்தையே தன் செலவுக்குப் புரட்டுகிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு. எண்ணிக்கையையும் பாருங்கள். இணையதளத்தில் 200 பேர் கொண்ட குடும்பம் என்று பெருமை பேசும் நிறுவனம் 40 பேருக்குத்தான் பணம் கட்டுகிறது என்றால், மற்ற 160 பேர் யார் என்று கேளுங்கள். அடிப்படை ஊதியம் 15,000 ரூபாய்க்கு மேல் உள்ள சிலர் விதிப்படியே இதற்கு வெளியே இருக்கலாம். ஆனால் பெரும்பாலோர் ‘ஆலோசகர்’, ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில், சம்பளத்துக்குப் பதில் தொழில்முறைக் கட்டணம் பெறுபவர்களாக இருந்தால், அங்கே ‘முடியாது’ என்று சொல்பவருக்குச் சட்டத்தில் பிடிமானமே இல்லை.

இரண்டாவது, நிறுவனப் பதிவாளரிடம் உள்ள ஆவணங்கள். நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தத் தனியார் நிறுவனத்தின் பொது ஆவணங்களையும் படிக்கலாம். ஆண்டுக் கணக்கு உரிய காலத்தில் தாக்கலாகியிருக்கிறதா? தணிக்கையாளர் இடையில் விலகினாரா? இயக்குநர்கள் விலகினார்களா? மிகச் சிறிய நிறுவனங்கள் தவிர மற்றவற்றில், வைப்பு நிதி, வரி போன்ற சட்டப்படியான நிலுவைகள் ஒழுங்காகக் கட்டப்பட்டனவா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையிலேயே சொல்லியாக வேண்டும். இதைப் படிக்கக் கணக்காயராக இருக்கத் தேவையில்லை.

இந்தக் காகிதங்களால் என்ன தெரிந்துவிடப் போகிறது என்பவர்கள் பைஜூஸ் கதையை எண்ணிப் பார்க்கட்டும். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்கை அந்நிறுவனம் வெளியிட்டபோது 2022 செப்டம்பர் ஆகிவிட்டது. ஒன்றரை ஆண்டு தாமதம். நட்டம் 4,588 கோடி ரூபாய். அதே 2022இல்தான் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று கொண்டாடப்பட்டது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் அதன் பெயர் இருந்தது. கத்தாரில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்துக்கு அது புரவலர். அக்டோபரில் சுமார் 2,500 பேரை நீக்கப்போவதாக அறிவித்த நிறுவனம், நவம்பர் முதல் வாரத்தில் லயோனல் மெஸ்ஸியைத் தன் விளம்பரத் தூதராக அறிவித்தது. 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது. முதலீட்டாளர்களின் பிரதிநிதிகளாக இருந்த இயக்குநர்கள் மூவரும் விலகினர். 2024இல் நிறுவனம் திவால் நடைமுறைக்குள் சென்றது. சட்டையையும் மெஸ்ஸியையும் பார்த்துச் சேர்ந்தவர்கள் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவர்கள் ஆனார்கள். கணக்குத் தாக்கல் தாமதம் ஒன்றே எச்சரிக்கை மணியாக ஓராண்டுக்கும் மேல் ஒலித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, பணி நியமனக் கடிதம். ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்ற மொத்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று பிரித்துப் பாருங்கள். பணிக்கொடை நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர்பணிக்குப் பிறகே கிடைக்கும். சராசரியாக இரண்டாண்டில் ஆட்கள் மாறும் நிறுவனம் அதைச் சம்பளக் கணக்கில் சேர்த்துக் காட்டினால், தரப்போகாத பணத்தைத் தந்ததாகச் சொல்கிறது. ஈசாப் எனப்படும் ஊழியர் பங்குரிமையும் அப்படியே. வழங்கிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழிந்தால்தான் அது கைக்கு உரியதாகும். பங்காக மாற்றிக்கொள்ளும்போது, சந்தை மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். விற்க முடியாத பங்குக்குக் கையிலிருந்து வரி கட்ட நேரலாம். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்கியாக வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். ‘முடியாது’ என்று சொல்லி வெளியேறுகிறவரிடமிருந்து எவ்வளவு பறிக்கப்படும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

நான்காவது, வெளியேறும் வாசல். விலகிய பின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையைக் காட்டி அச்சுறுத்துவது வழக்கம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி, பணி முடிந்த பிறகும் தொழில் செய்யத் தடை விதிக்கும் இத்தகைய நிபந்தனைகள் பொதுவாகச் செல்லாதவை. ஆனால் குறைந்தபட்சப் பணிக்காலப் பிணைப்பத்திரம் வேறு. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. எனவே முந்தையதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பிந்தையதைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். பட்டச் சான்றிதழின் மூலப்படியைத் தங்களிடம் வைத்துக்கொள்ளும் நிறுவனத்துக்குள் நுழையவே வேண்டாம். விலகியவருக்குரிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத்தொகுப்பு. விலகியவர்கள் எத்தனை மாதம் அலைந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, முறையீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த இடத்திலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்குழு இருந்தாக வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை, உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைத்த ஆணையைப் பணியிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். வெளி உறுப்பினர் யார் என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள். இக்கேள்வியை ஆண்களும் கேட்க வேண்டும். பெயர் உடனே வந்தால் நன்று. ‘எங்களிடம் அப்படியெல்லாம் பிரச்சினையே வராது’ என்று பதில் வந்தால், பிரச்சினையைச் சொல்ல அங்கே இடமில்லை என்று அறிக.

ஆறாவது, விலகியவர்கள். நிறுவனங்களை மதிப்பிடும் தளங்களில் உள்ள நட்சத்திரங்களை நம்பாதீர்கள். சிறந்த பணியிடம் என்ற சான்றிதழ்களும் நிறுவனமே கட்டணம் செலுத்திப் பங்கேற்றுப் பெறுபவை. லிங்க்டுஇன்னில் தேடி, ஓராண்டுக்குள் விலகிய மூவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். நிறுவனம் எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்பார்கள். மாறாக, நீங்கள் கடைசியாக எதற்கு மறுப்புச் சொன்னீர்கள், அடுத்த வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இனி எதிர்வாதங்கள். முதல் எதிர்வாதம்: ஐம்பது பேர் கொண்ட இளம் நிறுவனத்திடம் அரசுத்துறை அளவுக்கு விதிகளைக் கேட்பது நியாயமா? மேலே நான் கேட்டவற்றில் பெரும்பாலானவை சட்டம் ஏற்கெனவே கேட்பவை. மாத ஊதியம், வைப்பு நிதி, உள்குழு, இறுதிக் கணக்கு ஆகியவை பெருநிறுவனங்களின் ஆடம்பரங்கள் அல்ல. முதலீட்டாளருக்கு நூறு பக்க ஒப்பந்தம் எழுத நேரமும் வழக்கறிஞரும் இருக்கும் நிறுவனத்துக்கு, ஊழியருக்கு நான்கு பக்கம் எழுத மட்டும் நேரமில்லை என்பதை ஏற்க முடியாது.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. புத்தொழில் நிறுவனங்களில்தான் கற்றல் விரைவு. அங்கே வாழ்க்கை மாறியவர்கள் ஏராளம். உண்மைதான். சென்னையில் தொடங்கப்பட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர்களைக் கோடீஸ்வரர்கள் ஆக்கியது அவர்கள் பெயரில் எழுதப்பட்ட பங்கு. சுவரில் எழுதிய வாசகம் எவருக்கும் ஒரு ரூபாய் ஈட்டித் தரவில்லை. அதே நிறுவனம் 2024 நவம்பரில் ஏறத்தாழ 660 பேரை நீக்கியபோது, 40 கோடி டாலர் வரை தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. பங்கு வைத்திருந்தவருக்கு அது நற்செய்தி; வேலை மட்டும் வைத்திருந்தவருக்கு வெளியேறும் கடிதம். எழுதப்பட்டது நின்றது, எழுதப்படாதது போயிற்று.

மூன்றாவது எதிர்வாதத்தை நிறுவனர்கள் சொல்வதில்லை. வேலை தேடுபவர்கள் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். இத்தனை கேள்வி கேட்டால் வந்த வேலையும் போய்விடாதா? போகலாம். வேறு வாய்ப்பு இருப்பவருக்கு அது குறைந்த செலவில் கிடைத்த விடை. வேறு வாய்ப்பே இல்லாதவருக்கு? ஊரில் கடன்காரர் காத்திருக்க, வீட்டில் முதல் சம்பளத்தை நம்பி நால்வர் இருக்க, நிறுவனரிடம் உள்குழுவின் வெளி உறுப்பினர் யார் என்று கேட்கும் துணிவை ஒரு 22 வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது அறமா?

அறமல்ல. என் சினமெல்லாம் இந்த இடத்தில்தான். ‘கல்ச்சரைப் பார்த்துச் சேர்’ என்ற அறிவுரையின் ஆழ்ந்த பிழை, பார்க்க வேண்டியவர் யார் என்பதையே அது மாற்றிவிட்டது. தொழிலாளர் ஆய்வாளரும் கல்லூரியும் சங்கமும் செய்ய வேண்டிய வேலையை, இருப்பவர்களிலேயே வலுவற்ற ஒருவரின் உள்ளுணர்வின் மேல் சுமத்திவிட்டோம். 2016 ஜனவரி 16இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தின்கீழ், புத்தொழில் நிறுவனங்கள் ஆறு தொழிலாளர் சட்டங்களைப் பொறுத்தவரை தமக்குத் தாமே சான்றளித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில், நம்பத்தகுந்த புகார் எழுத்துமூலம் வந்து மேலதிகாரி ஒப்புதல் தந்தாலன்றி ஆய்வு இல்லை. கர்நாடக அரசு, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் புத்தொழில்களுக்கும் 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்திலிருந்து அளித்துவந்த விலக்கை 2024இல் மீண்டும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்போ, நிலையாணைகளை 300 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கே கட்டாயமாக்குகிறது. பெரும்பாலான புத்தொழில்கள் அந்த எல்லைக்குக் கீழே. வேலை நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றை எழுதி வைக்கச் சொல்லும் சட்டம் எங்கே தேவையோ அங்கே அது இல்லை. அரசு காலி செய்த இருக்கையில் ‘கல்ச்சர்’ ஏறி அமர்ந்திருக்கிறது.

கல்வி நிறுவனங்கள் நினைத்தால் முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2016இல் பிளிப்கார்ட், வளாகத் தேர்வில் எடுத்தவர்களின் பணிச்சேர்க்கையை ஜூனிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிவைத்தபோது, அகமதாபாத் ஐ.ஐ.எம். கண்டித்துக் கடிதம் எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேலை வாக்குறுதியை மீறியவை, தாமதித்தவை என 31 நிறுவனங்களை ஐ.ஐ.டி.களின் வேலைவாய்ப்புக் குழு அந்தப் பருவத்துக்குத் தடைப்பட்டியலில் வைத்தது. ஐ.ஐ.டி. மாணவருக்குக் கிடைத்த இந்தக் காவல், மாவட்டத் தலைநகரின் தன்னிதிப் பொறியியல் கல்லூரி மாணவருக்குக் கிடைப்பதில்லை. அங்கே வேலைவாய்ப்பு அலுவலருக்கு எத்தனை பேர் வேலை பெற்றார்கள் என்ற எண்ணிக்கைதான் வேண்டும். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதை எண்ணுவோர் இல்லை.

எனவே என் கோரிக்கைகள் மூன்று. வளாகத்துக்குள் வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் வைப்பு நிதிச் செலுத்துச் சான்று, உள்குழு ஆணை, சென்ற ஆண்டு எடுத்தவர்களில் இன்னும் பணியில் இருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கல்லூரியே கேட்டு வாங்கி மாணவர்களுக்கு அறிவிக்க வேண்டும். புத்தொழில்களுக்கான தற்சான்று முறையில், அந்தச் சான்றுகளை எவரும் படிக்கும்படி பொதுவில் வைக்க வேண்டும். நிலையாணைக்கான எண்ணிக்கை எல்லை குறைக்கப்பட வேண்டும்.

நான்காவதாக ஒன்றை அரசிடமோ கல்லூரியிடமோ கேட்க முடியாது. நாமேதான் செய்ய வேண்டும். பைஜூஸ் நிறுவனத்தின் திருவனந்தபுரம் அலுவலக ஊழியர்கள் 2022 அக்டோபரில், தங்களைக் கட்டாயப்படுத்திப் பதவி விலகச் சொல்கிறார்கள் என்று, தொழில்நுட்பப் பூங்கா ஊழியர்களின் நல அமைப்பான பிரதித்வனியின் துணையோடு கேரளத் தொழிலாளர் அமைச்சரிடம் முறையிட்டார்கள். அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். நவம்பர் தொடக்கத்தில் நிறுவனம், அந்த மையத்தை மூடும் முடிவைக் கைவிட்டு, அங்கிருந்த 140 பேரும் பணியில் தொடர்வார்கள் என்று அறிவித்தது. நாடு முழுதும் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்ட அதே வாரங்களில் நடந்தது இது. அந்த 140 பேரும் வேலைக்குச் சேரும் முன் நிறுவனத்தின் பண்பாட்டைச் சரியாகக் கணித்தவர்கள் அல்லர். மற்றவர்கள் எந்த நிறுவனத்தில் இருந்தார்களோ அதே நிறுவனத்தில்தான் அவர்களும் இருந்தார்கள். ‘முடியாது’ என்பதை ஒருவர் ஒருவராகச் சொல்லாமல் சேர்ந்து சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, வேலைக்குச் சேருவதற்கு முன் மேலே சொன்ன காகிதங்களைப் பாருங்கள். சேர்ந்த பிறகு, பக்கத்து இருக்கையில் இருப்பவரின் சம்பளத்தையும் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். விலகினால், அடுத்து வருபவர் அழைத்துக் கேட்கும்போது பரவாயில்லை என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.